புகார் எழுதச் சொன்ன மாஸ்டர்

செய்தி வந்தபோது என் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சுடச்சுடச் சாப்பிடும் பழக்கம் என்னை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. சோற்றின் மேல் கையை வைத்துப் பார்த்து, ஆவி அடங்கிய பிறகுதான் பிசைவேன். அப்படிக் காத்திருந்த நேரத்தில் நெய்வேலியிலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்கள் பழைய கேண்டீனில் பரிமாறும் வேலையில் இருந்தவர். "சார், நம்ம கொளஞ்சி மாஸ்டர் பூட்டாரு சார். காலையில நெஞ்ச வலிக்குதுன்னு சொன்னாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி" என்றார். போனை வைத்துவிட்டு மறுபடியும் தட்டைப் பார்த்தேன். இப்படி ஆற வைத்துச் சாப்பிட என்னைப் பழக்கியதே அவர்தான். அன்று அந்தச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை.

நெய்வேலியில் என்னோடு முதல் ஷிப்டில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சுரங்க அலுவலகத்தை ஒட்டியிருந்த கேண்டீனில் இருபது வருஷத்துக்கு மேல் சமையல் மாஸ்டராக இருந்தவர். ஊர் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இவர் பாத்திரம் கழுவ வந்து, காய் நறுக்கி, பிறகு கரண்டி பிடித்தவர். இந்தப் பொங்கலுக்குள் பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். கடைசிவரை கான்ட்ராக்டில்தான் இருந்தார். நல்ல உயரம், ஓயாத பேச்சு. அடுப்பு எரியும் வரை வெற்றிலையைத் தொட மாட்டார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பா வெளியே வரும். அதற்குப் பிறகு இரவு படுக்கும் வரை அந்த வாய் சிவந்துதான் இருக்கும்.

நான் டைம் ஆபீஸ் கிளார்க். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, முப்பது வருஷத்தை நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே ஓட்டியவன். குறை கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று என் மனைவி ராஜேஸ்வரி சொல்வாள். அதனாலோ என்னவோ, என்னைக் கேண்டீன் கமிட்டிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கேண்டீன் வாசலில் புகார்ப் புத்தகம் ஒன்று நூல் கட்டித் தொங்கும். தேதி, பதார்த்தம், குறை, எடுத்த நடவடிக்கை என்று நாலு கட்டம். முதல் மூன்றை நாங்கள் எழுத வேண்டும். நாலாவதை மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் நான் 'சாம்பார். ருசி இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். அரைமணி நேரத்தில் மாஸ்டர் அந்தப் புத்தகத்தை நூலோடு அவிழ்த்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"சார், உப்பு இல்லன்னு எழுதுங்க, புளி இல்லன்னு எழுதுங்க, நான் ஒத்துக்கறேன். ருசி இல்லன்னு மட்டும் எழுதாதீங்க. அத வச்சிகினு நான் என்னா செய்யறது? என்னா இல்லன்னு எழுதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். எழுதியதை அடித்துவிட்டு, 'பெருங்காயம் இல்லை' என்று எழுதினேன். 'நாளை முதல் போடப்படும்' என்று நாலாவது கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் சாம்பாரில் பெருங்காயம் இருந்தது, கொஞ்சம் தூக்கலாகவே. எங்கள் சினேகம் அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பதினோரு வருஷம் அவர் சாப்பாட்டில் நான் குறை எழுதிக்கொண்டே இருந்தேன், அவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

'தானே' புயல் அடித்த மறு வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சென்னையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, நடுவில் வீட்டில் இருக்கலாம். முடி கொட்டும், வாந்தி வரும் என்று தெரிந்துதான் இருந்தேன். வாயைப் பற்றி நர்ஸ் சொன்னது காதில் ஏறவில்லை. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் காலையில் பல் துலக்கப் போனவன் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டேன். கீழுதட்டின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், தொண்டைக்குப் போகும் வழி எல்லாம் புண். பச்சைத் தண்ணீர் குடித்தாலே கண்ணில் நீர் வந்தது. பேச்சு நின்றுபோனது. எடை மளமளவென்று இறங்கியது. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வரும், தள்ளிப்போவது இந்த நோய்க்கு நல்லதில்லை, எப்படியாவது சாப்பிடுங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். உயிர் பிழைப்பேனா என்ற கேள்வி அன்று ஒரு கவளம் சோற்றில் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்ன கொடுப்போம் என்று உங்களுக்குத் தெரியும். ராஜி அம்மியில் மிளகு தட்டி, பூண்டு நசுக்கி, புளி கரைத்து ரசம் வைத்தாள். "ஒரு வாய் குடிச்சிருங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சுடச்சுடக் கொண்டுவந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயில் விட்டேன். வாய்க்குள் தீ வைத்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் அழுதாள். பார்க்க வந்த ஆபீஸ்காரர்கள் ஆரஞ்சும் சாத்துக்குடியும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டும் எரிக்கும், மூன்றாவது குத்தும். வீட்டில் பழக்கடை வைக்கிற அளவுக்குப் பழம் சேர்ந்தது. நான் மட்டும் பட்டினி கிடந்தேன்.

கொளஞ்சி மாஸ்டர் வந்தபோது கையில் பழம் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். உலையைப் பார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் நாற்பது பக்க நோட்டு. நோட்டில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தார். தேதி, பதார்த்தம், குறை, எடுத்த நடவடிக்கை.

"பேச முடியலன்னா பரவால்லைங்க. புகார் எழுதுங்க. எங்க எரியுதுன்னு எழுதுங்க, எதனால எரியுதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

தூக்கைத் திறந்தால் எட்டுப் பேர் குடிக்கிற அளவுக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி. முன்னூறு பேருக்குச் சமைத்த கைக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. அளவு குறையக் குறைய அவருக்கு உப்பு பிடிபடவில்லை. நான் எழுதிய முதல் புகார் இப்போதும் இருக்கிறது: 'கஞ்சி. உப்பு அதிகம். கீழுதட்டில் கத்தி வைத்த மாதிரி.' அவர் நடவடிக்கை: 'உப்பு நிறுத்தப்படும்.' ராஜி அவருக்குக் கால் ஸ்பூன் கணக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவர் ராஜிக்கு எதை எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மிளகு, மிளகாய், புளி, தக்காளி, எலுமிச்சை, கடுகு தாளிப்பு, அப்பளம், முந்தா நாள் தயிர் எல்லாம் ஒவ்வொன்றாக அடுப்படியை விட்டு வெளியேறின. விருதுநகர்க்காரி புளி இல்லாமல் சமைத்தது அவள் வாழ்க்கையில் அந்த நாலு மாசம்தான்.

எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. மாஸ்டர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், புதிதாக ஏதாவது சமைத்து, சாயங்காலம் கொண்டுவருவார். 'குறை இல்லை' என்று நான் எழுதினால் மறுநாள் ராஜி அதையே செய்வாள். இட்லி மேலண்ணத்தில் உரசியது. பாலில் ஊற வைத்து மசித்ததும் இறங்கியது. கேழ்வரகுக் கூழ் புளிப்பால் எரிந்தது. புளிக்க விடாமல், கேழ்வரகை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சினார். கீரையின் நார் புண்ணில் சிக்கியது. துணியில் வடிகட்டிப் பருப்போடு கடைந்தார். முட்டையைப் பாலில் அடித்து, ஆவியில் நன்றாக வேக வைத்து, பஞ்சு மாதிரி கொண்டுவந்தார். சோற்றைக் குழைய வடித்து நெய் விட்டு, அன்றைக்கே உறைந்த தயிரில் கரைத்தார். சாப்பிடுவதற்கு முன்னால் நர்ஸ் சொன்ன உப்பு சோடா தண்ணீரில் நான் வாய் கொப்பளித்தேனா என்று ராஜியிடம் கேட்காமல் தூக்கைத் திறக்க மாட்டார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தார். "முழு ஷிப்டும் ஒரே மூச்சுல பாக்க முடியுங்களா? கொஞ்சம் வேல, கொஞ்சம் ஓய்வு. வாய்க்கும் அப்படித்தான்" என்றார்.

சூடு விஷயத்தில் மட்டும் நான் அடம் பிடித்தேன். ஆறின சோறு எனக்கு ஆகாது. நோட்டில் பெரிய எழுத்தில் 'ஆறிப்போய் இருக்கிறது' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு நடவடிக்கை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். "சூட்டுல நாக்கு பயந்துகினு இருக்கும் சார், ருசி தெரியாது. ஆற வுட்டு சாப்புட்டுப் பாருங்க, அரிசி எந்த அரிசின்னு நாக்கே சொல்லும்." இன்றைக்கும் சோறு ஆறட்டும் என்று காத்திருக்கிற அந்தச் சில நிமிஷத்தில் இந்தப் பேச்சு என் காதில் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கோடைக்காலம். பண்ருட்டிப் பலாப்பழம் டவுன்ஷிப்புக்குள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் நாட்கள். பக்கத்து வீட்டில் பழம் அறுத்த வாசனை ஜன்னல் வழியாக வந்து என்னைப் படுத்தியது. நோட்டில் குறைக் கட்டத்தில் 'பலாச்சுளை சாப்பிட வேண்டும்' என்று எழுதிவைத்தேன். மாஸ்டர் படித்துவிட்டுச் சிரித்தார். இது குறை இல்லை, ஆசை. ஆசைக்கு நாம் கட்டம் போடவில்லையே என்றார். மறுநாள் சுளையைப் பாலில் வேக வைத்து, மசித்து, நாரெல்லாம் போகத் துணியில் வடிகட்டி, ஆற வைத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். குழந்தைக்குக் கொடுக்கிற கரண்டியால் ராஜி ஊட்டினாள். முழுக் கிண்ணமும் இறங்கியது. கடமைக்கு விழுங்காமல், ருசித்துச் சாப்பிட்டது பல நாளுக்குப் பிறகு அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் பார்க்காத மாதிரி வாசலுக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த முறை எடை தப்பித்தது. இரண்டாவது ஊசி குறித்த நாளில் போட்டார்கள். ஆனால் இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த புண் முதல் தடவையைவிட மோசம். முன்பு இறங்கியதெல்லாம் இப்போது எரிந்தது. ஒருநாள் அவர் கொண்டுவந்த பருப்பில் சரியாக அரைபடாத சீரகம் ஒன்று கிடந்திருக்கிறது. அது கீறி, கரண்டியில் ரத்தம் வந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. மாஸ்டர் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நல்ல வாயா இருக்குது. அதான் தெரியல" என்று ராஜியிடம் சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். தினமும் வருவார், தூக்கை வைப்பார், நான் சாப்பிடும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் பேச மாட்டார். கேண்டீன் கதை, கான்ட்ராக்டர் கதை, ஊர்ச் சண்டை எதுவும் இல்லை. ராஜி ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். காபி கொடுத்தால் கையால் வேண்டாம் என்பார். உதடு கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. வாயில் வெற்றிலைச் சிவப்பும் இல்லை. இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மனுஷனுக்கு அலுத்துவிட்டது என்று தோன்றியது. நோயில் கிடப்பவனுக்குச் சந்தேகம் மட்டும் நன்றாகச் செரிக்கும். காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிற ஆள், வீட்டுக்குப் போய் இன்னொரு சமையல் செய்து, இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வர வேண்டும் என்று என்ன தலையெழுத்து? வெறுப்போடு கொண்டுவருகிற சோறு எனக்கு எதற்கு?

ஒரு சாயங்காலம் நோட்டை எடுத்துக் குறைக் கட்டத்தில் எழுதினேன்: 'மாஸ்டர், உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று தெரிகிறது. நாளையிலிருந்து வர வேண்டாம். ராஜி பார்த்துக்கொள்வாள்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பேனாவை வாங்கி நாலாவது கட்டத்தில் 'கவனிக்கப்பட்டது' என்று எழுதி, வழக்கம்போலத் தேதியோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. தூக்கில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊற வைத்துக் கொண்டுவந்திருந்தார். நானும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நோட்டில் வரிசையாக ஒரே வார்த்தைதான்: இல்லை, இல்லை, இல்லை. குறை என்று எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாஸ்டரின் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடை இறங்கவில்லை. எந்த ஊசியும் தள்ளிப்போகவில்லை. ஆடி மாதத்தில் சிகிச்சை முடிந்தது. புண் ஆறிய பிறகு அவருடைய பேச்சும் திரும்பி வந்தது, வெற்றிலையும் திரும்பி வந்தது. அந்த வரியைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

ரிட்டயர் ஆகி நான் ஊருக்கு வந்த பிறகு மாதம் ஒரு தடவையாவது போன் செய்வார். எல்லோரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அவர் மட்டும், "வாய் எப்படிங்க சார் இருக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். நல்லா இருக்குது மாஸ்டர் என்பேன். அப்புறம் அன்று என்ன சாப்பிட்டேன் என்று ஒப்பிக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க இனி இந்த உலகத்தில் ஆள் இல்லை.

நானும் ராஜியும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய மனைவி பச்சையம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அடுப்படியில் அந்தத் தூக்கு கவிழ்த்து வைத்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் கையால் சாப்பிட்டுத்தான் இவர் பிழைத்தார் என்று ராஜி அழுதாள். பச்சையம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க கிட்ட சொல்லவே இல்லீங்களா சார்? உங்களுக்கு ரெண்டாவது ஊசி போட்டப்ப, தெனம் வந்ததும் வெறும் சுண்ணாம்ப எடுத்து வாயெல்லாம் தடவிக்குவாரு. வாய் வெந்து தோலு உரிஞ்சி பூடும். அப்புறம்தான் உங்க சோத்த வாயில வச்சிப் பாப்பாரு. எரிஞ்சா கீழ கொட்டிட்டு மறுபடியும் செய்வாரு. எரியலன்னாதான் தூக்குல ஊத்துவாரு. என்னா இப்புடி பண்றீங்கன்னு சண்ட போட்டேன். சார் வாய நான் எங்க போயி வாங்கிகினு வர்றதுன்னு கேட்டாரு."

வெற்றிலை போடுகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலே வாய் வெந்துவிடும், இரண்டு நாளைக்கு எதையும் தின்ன முடியாது. தெரியாமல் நடந்தால் சபிப்பார்கள். அவர் அதைத் தெரிந்தே வாரக்கணக்கில் செய்திருக்கிறார். அதனால்தான் பேசவில்லை. அதனால்தான் காபி வேண்டாம் என்றார். வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்துத்தான் சலிப்பு என்று எழுதினேன். முன்பே தெரிந்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். அந்த டப்பாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். கவிழ்ந்திருந்த தூக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது ஆற வைத்துச் சாப்பிடும் பழக்கமும் அந்த நாற்பது பக்க நோட்டும்தான். ஊர் திரும்பியதும் நோட்டை எடுத்தேன். நான் அவரை வர வேண்டாம் என்று எழுதிய பக்கத்தில் 'கவனிக்கப்பட்டது' என்ற எழுத்து மங்காமல் இருக்கிறது. கடைசியில் நாலைந்து பக்கம் வெறுமையாகக் கிடந்தது. தேதி போட்டேன். பதார்த்தம் என்ற இடத்தில் சோறு என்று எழுதினேன். குறை என்ற கட்டத்தில் கை தானாகவே 'ருசி இல்லை' என்று எழுதிவிட்டது. பிறகு நூலோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்ற ஆளை நினைத்துக்கொண்டேன். அதை அடித்துவிட்டு, என்ன இல்லை என்று எழுதினேன்.

'கொளஞ்சி மாஸ்டர் இல்லை.'

நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது.